நாமும் நாங்களும்

பண்டிதர்கள் கூடும் மகாநாடுகளைப் பற்றி நம் நேயர்களுக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இராது என்பதை அறிவோம். வரவேற்புப் பத்திரம், தலைமைப் பிரசங்கம், புகைப்படம், சிற்றுண்டி, வந்தனோபசாரம் ஆகியவற்றோடு பெரும்பாலும் காரியம் முடிந்துவிடுகிறது. ஆனால் ராஜீய மனோதத்துவம் என்னும் சாஸ்திரத்தைச் சேர்ந்தவர்கள் கூடினால், அவர்கள் பேசுவது நம் வீட்டு விஷயமாகவே இருக்கிறது. ஜனங்கள் ஏன் ஒரு தலைவரைப் பின்பற்றுகிறார்கள், ஏன் அண்டை வீட்டாரைத் துவேஷிக்கிறார்கள் என்று ஆராய்வதே இந்தச் சாஸ்திரம். இதற்கென்று 1978-ஆம் வருஷத்தில் சர்வதேச சங்கம் ஒன்று ஸ்தாபிதமாகி, ஆண்டுதோறும் கூடி வருகிறது.

அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே ஒரு சிறு கூட்டம் நடந்தது. 1948-ஆம் வருஷத்துக் கோடையில், யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் அழைப்பின்பேரில் எட்டு அறிஞர்கள் பாரிஸ் நகரில் சந்தித்தார்கள். அமெரிக்காவின் கார்டன் ஆல்போர்ட், நார்வேயின் ஆர்னெ நேஸ், ஹங்கேரியின் அலெக்ஸாண்டர் ஸலாய், ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்த மாக்ஸ் ஹார்க்ஹைமர் ஆகியோர் அவர்களில் சிலர். யுத்தம் ஓய்ந்து மூன்று வருஷமே ஆகியிருந்தது. மார்க்ஸ் கொள்கையினரும் மனோவியாதி வைத்தியரும் ஒருங்கே உட்கார்ந்தால் தர்க்கத்துக்குக் குறைவிருக்குமா? ஆயினும் ஒரு விஷயத்தில் எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். யுத்தம் மனித சுபாவத்தின் தவிர்க்க முடியாத விளைவு என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்பதே அது.

இந்த விசாரணை நம் தேசத்துக்கும் வந்தது. 1947-ஆம் வருஷத்துப் பிரிவினையில் சிந்திய ரத்தத்தைக் கண்ட இந்திய சர்க்கார் யுனெஸ்கோவின் உதவியைக் கோரினார்கள். 1950-இல் கார்ட்னர் மர்ஃபி என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் இங்கே வந்து, நம் சர்வகலாசாலை ஆசிரியர்களுடன் சேர்ந்து வகுப்புத் துவேஷத்தை ஆராய்ந்தார். அதன் முடிவுகள் 1953-இல் புத்தகமாக வெளிவந்தன.

துவேஷம் பிறவிக் குணம் அல்லவென்றால், அது எவ்வளவு சுலபமாக முளைக்கிறது? இதற்குப் பதில் தேடியவர் ஹென்ரி தாஜ்ஃபெல். 1919-இல் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, விடுதலையாகித் திரும்பியபோது, உற்றார் உறவினரில் பெரும்பாலோர் மாண்டு போயிருந்தார்கள்.

பிற்காலத்தில் அவர் இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரில், பதினாலு, பதினைந்து வயதுப் பள்ளிச் சிறுவர்களை வைத்துச் செய்த சோதனை 1970-இல் பிரசுரமாயிற்று. க்ளே, காண்டின்ஸ்கி என்னும் இரு சித்திரக்காரர்களில் யாருடைய படங்கள் பிடிக்கும் என்று கேட்டு, அதன்படி இரு கூட்டமாகப் பிரித்ததாகச் சிறுவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில்தான். தன் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுகூட ஒருவனுக்கும் தெரியாது. பிறகு, வேறு இரு சிறுவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார்கள். பங்கிடுகிறவனுக்கு அதில் ஒரு காசும் கிடையாது. ஒரு வரிசையில், ஒரு முனையில் நம்மவனுக்கு 19, பிறனுக்கு 25; மறு முனையில் நம்மவனுக்கு 7, பிறனுக்கு 1. நம்மவனுக்கு 19 கிடைப்பதை விட்டுக் கொடுத்தாவது, பிறன் மிஞ்சாதபடி பார்த்துக்கொள்ளும் பக்கமே சிறுவர்கள் சாய்ந்தார்கள்!

எட்டு அறிஞர்களின் வாக்கு பொய்த்துவிட்டதா? அப்படி நாம் நினைக்கவில்லை. அந்தச் சிறுவர்கள் தாமாக இரு கூட்டமாகப் பிரியவில்லை. பெரியவர்கள் வந்து கோடு கிழித்தார்கள். கோடு விழுந்த பிறகுதான் பங்கீட்டில் வஞ்சனை புகுந்தது.

நம் வீடுகளிலும் கோடு கிழிக்கிறவர்கள் பெரியவர்களே. சாப்பிடும்போது, 'அவர்களெல்லாம் அப்படித்தான்' என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் வார்த்தை பக்கத்தில் இருக்கும் குழந்தையின் காதில் விழுகிறது. தேசபக்தி பேசும் பத்திரிகைக்காரர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு.

தமிழ் மொழியில் ஒரு விசேஷம் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'. இந்தப் பகுதியில் வாரந்தோறும் 'நாம்' என்று எழுதுகிறோம். அதில் யாரையாவது அறியாமல் வெளியே நிறுத்தியிருந்தால், நேயர்கள் தயங்காமல் சுட்டிக்காட்ட வேண்டும்.