‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்பதும் ஓர் அளவுகோல்தான்

தகுதி, திறமை என்ற இரண்டு சொற்களைக் கேட்டாலே நம்மில் பலருக்கு எரிச்சல் வரும். இட ஒதுக்கீட்டைப் பேசும்போதெல்லாம் அவற்றை நம் முகத்தில் வீசியிருக்கிறார்கள். நீட் வரைக்கும் அதே பாட்டுதான். ஆனால் திறமையை நொடிக் கணக்கிலும் சென்டிமீட்டர் கணக்கிலும் உண்மையாகவே அளக்க முடிகிற ஓர் இடம் உண்டு. அது விளையாட்டு மைதானம். அங்கே வந்ததும் தகுதி பேசுகிறவர்கள் அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள். ‘பார்த்தாலே தெரியும் சார்’ என்கிறார்கள்.

எதைப் பார்க்கிறார்கள், பார்த்ததை எங்கே எழுதி வைக்கிறார்கள் என்ற கேள்வி என் ஆய்வின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. கிராமப்புற விளையாட்டும் சாதியும் பற்றிய ஆய்வுக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வேங்கைவயலுக்குப் பிறகு இந்த மாவட்டத்தின் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த ஊருக்குப் பக்கத்து ஊர்களில் கபடி மட்டும் சாதியில்லாமல் நடக்கும் என்று நம்புகிற அளவுக்கு நாம் வெகுளிகள் இல்லை.

ஒரு தேர்வு முகாமில் காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். யார் நடத்தியது என்பதை விட்டுவிடுவோம், எங்கும் ஏறக்குறைய இதே நடைமுறைதான் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். எடை எந்திரத்தில் பையன்களை ஏற்றி எடை பார்த்தார்கள். அன்று முழுவதும் கருவி வைத்து அளந்தது அது ஒன்றைத்தான். பிறகு ஏழு ஏழு பேராகப் பிரித்துப் பத்துப் பத்து நிமிடம் ஆடவிட்டார்கள். புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஆட்டம் முடிந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசினார்கள். ‘எந்த ஊருடா தம்பி?’ ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி: ‘ஊர்ல எந்தப் பக்கம்?’

இந்தக் கேள்விக்கு விளக்கம் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். கோயில் தெரு என்று ஒருவன் சொன்னான். காலனி என்று இன்னொருவன் சொன்னான். ரைடு போக ஒருவனுக்கு ஐந்து வாய்ப்பு கிடைத்தது, இன்னொருவனுக்கு ஒன்று. மதியம் பட்டியலை வாசித்தார்கள். எவன் எத்தனை புள்ளி எடுத்தான், எத்தனை டேக்கிள் போட்டான் என்று ஒரு துண்டுத்தாள்கூட அங்கே இல்லை. சாதி பார்த்துத்தான் கழித்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி நடத்தப்படுவதுதான் எனக்குப் பிரச்சினை.

ஆட்டத்தின் நடுவே காதில் விழுந்த ஒரு பேச்சையும் குறித்து வைத்தேன். ‘வேல செஞ்ச ஒடம்பு, பலம் இருக்கும். ஆனா கேம் சென்ஸ் இருக்காது.’ இதே வாக்கியத்தை நான் ஏற்கெனவே வேறொரு நாட்டுக் கதையில் படித்திருக்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அல்ல. இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு மோதி ஓடுகிற ஆட்டம் அது. அதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லில் 32 அணிகள். கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் இளைஞர்களை இந்த அணிகள் ஆண்டுதோறும் ஏப்ரலில் ஏழு சுற்றுகளாகப் பங்கு பிரித்துக்கொள்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். போன ஆண்டில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. நம் புரோ கபடி ஏலம்போலப் பணம் உள்ளவன் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்கு முன்பு இண்டியானாபொலிஸ் நகரில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களை வரவழைத்து அளப்பார்கள். உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் விரிவு. 40 கெஜ ஓட்டத்தை நொடியின் நூறில் ஒரு பங்கு வரை குறிப்பார்கள். 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறான் என்று எண்ணுவார்கள். இந்த எண்களில் பெரும்பாலானவை பொதுவில் கிடைக்கும். நானும் நீங்களும் இங்கிருந்தே பார்க்கலாம்.

இவ்வளவு அளந்தும் தவறுவார்கள் என்பது வேறு கதை. டாம் பிரேடியை 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் ஏழு சாம்பியன் பட்டங்களை வென்றார். நம் பக்கத்தில் தமிழ் தலைவாஸ் அணி 2022 ஏலத்தில் பவன் செராவத்துக்கு 2.26 கோடி ரூபாய் கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் அந்த சீசன் முழுவதும் அவர் வெளியே இருந்தார். இளம் ஆட்டக்காரனின் எதிர்காலத்தை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. இது தேர்வாளர்களின் குற்றமில்லை.

ஆனால் சில தவறுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்லில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. எழுதப்பட்ட தடை எதுவும் கிடையாது, யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு எடுக்கத் தொடங்கியபோதும் குவார்ட்டர்பேக் இடத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. களத்தில் நின்று திட்டம் போட்டு, பந்தை யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுக்கிற இடம் அது. கறுப்பனுக்கு ஓடவும் பாயவும் வரும், சிந்திக்க வராது என்பது அவர்களுடைய பொதுப்புத்தி. வாரன் மூன் 1978இல் கல்லூரி அணியை முக்கியமான கோப்பைக்கு வழிநடத்திவிட்டு வந்தார். டிராஃப்டில் ஒருவரும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போனார், எட்மண்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து முறை கோப்பை வென்றார். அதன் பிறகுதான் அமெரிக்கா கூப்பிட்டது. 2018இல்கூட லமார் ஜாக்சனைப் பார்த்து, நீ பந்து பிடிக்கிற இடத்துக்கு மாறிக்கொள் என்று முன்னாள் அணி மேலாளர் ஒருவர் சொன்னார். அடுத்த ஆண்டே லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரராக ஒருமனதாகத் தேர்வானார் அந்த ‘சிந்திக்கத் தெரியாத’ குவார்ட்டர்பேக்.

நம் கிரிக்கெட்டில் இந்தக் கதை இன்னும் பழையது. பல்வாங்கர் பாலூ, சமார் சமூகத்தில் பிறந்தவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். பந்து வீச அவர் வேண்டும். தேநீர் இடைவேளையில் மட்டும் வெளியே நின்று தனி மண்குவளையில் குடிக்க வேண்டும். அவருக்கு அணித்தலைமை கிடைக்கவே இல்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல் இந்துக்கள் அணியின் தலைமை கிடைப்பதற்குள் பாலூவின் ஆட்டக் காலம் முடிந்துவிட்டது. உடம்பு உன்னுடையது, மூளை எங்களுடையது என்ற இந்தப் பங்கீட்டை நம் ஆட்கள் மனுவிடம் கற்றார்கள். அவர்களுக்கு அமெரிக்கா தேவைப்படவில்லை.

அமெரிக்காவைப் புகழ இதைச் சொல்லவில்லை. அங்கே என்ன நடந்தது என்று நம்மால் பேச முடிகிறதே, அதைக் கவனியுங்கள். தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் திட்டத்தில் ஒரு கணக்கு இருந்தது. கறுப்பினத்தவரின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கிற கணக்கு. அதனால் ஒரே மதிப்பெண் எடுத்தாலும் வெள்ளையருக்குப் பணம் கிடைக்கும், கறுப்பருக்குக் கிடைக்காமல் போகும். கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் என்ற இருவர் 2020இல் நீதிமன்றம் போனார்கள். 2021இல் லீக் அந்தக் கணக்கைக் கைவிட ஒப்புக்கொண்டது. அப்பட்டமான இனவெறிதான். ஆனால் சூத்திரமாகத் தாளில் இருந்தது. அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி வழக்குப் போட முடிந்தது. புளியமரத்தடியில் கேட்ட கேள்விக்கு எந்தத் தாளைக் காட்டி நாம் வழக்குப் போடுவது?

புதுக்கோட்டையில் உட்கார்ந்து இதை எழுதும்போது கத்தக்குறிச்சியைத் தாண்டிப் போக முடியாது. சாந்தி சௌந்தரராஜன் அந்த ஊர்க்காரர். செங்கல் சூளையில் வேலை பார்த்த தலித் பெற்றோரின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வென்றார். அந்த நேரத்தை யாரும் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. ஓடி முடித்த பிறகு அவர் உடம்பை வேறொரு அளவுகோல் கொண்டு அளந்தார்கள். என்ன சோதனை, எதற்கு என்று தனக்குச் சரியாக விளக்கவில்லை என்றும், பதக்கம் போன செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்போதைய முதல்வர் கலைஞர் அவருக்கு 15 லட்சம் ரூபாய் வழங்கினார், அந்த ஆதரவை மறக்கக் கூடாது. ஆனால் இந்திய விளையாட்டு அமைப்புகள் அவருக்காக எழுந்து நிற்கவில்லை. 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலிக்கு நின்றதை ஊடகங்கள் படம் பிடித்தன. 2016இல்தான் நிரந்தரப் பயிற்றுநர் பணி கிடைத்தது.

எட்டாண்டு கழித்து ஒடிசாவின் தூத்தி சந்துக்கும் இதே போன்ற தடை வந்தது. அவர் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் அந்த விதியை மன்றம் நிறுத்தி வைத்தது. அவர் பக்கம் வழக்கறிஞர்களும் அறிவியலாளர்களும் நின்றார்கள். விதியும் எழுத்தில் இருந்தது, ‘இதற்கு என்ன ஆதாரம்’ என்று கேட்க முடிந்தது. சாந்திக்கு அப்படிக் கேட்டுத்தர யாரும் இல்லை.

இதை ஏதோ பதக்க விவகாரம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் அரசு வேலையில் 3 விழுக்காடு விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி இடம், காவல்துறை, ரயில்வே என்று பல கதவுகள் ஒரு சான்றிதழில் திறக்கும். அந்தச் சான்றிதழ் மாவட்ட அணியில் தொடங்குகிறது. மாவட்ட அணி புளியமரத்தடியில் தொடங்குகிறது. ஒரு காலனிப் பையனுக்கு அங்கே மறுக்கப்படுவது ஐந்து நிமிட ஆட்டம் மட்டுமில்லை.

வென்றாலும் என்ன ஆகும் என்பதை 2025 மார்ச்சில் பார்த்தோம். திருவைகுண்டம் பக்கம் பொதுத்தேர்வு எழுதப் போன பதினோராம் வகுப்பு தலித் மாணவனைப் பேருந்திலிருந்து இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்றார்கள் குடும்பத்தார். அதே ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. கண்ணகி நகர் கார்த்திகா அதில் ஆடினார். நாம் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். கூடவே ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 2014இல் தொடங்கிய புரோ கபடியில் ஆண்களுக்குக் கோடிகளில் ஏலம் நடக்கிறது. பெண்களுக்கென்று 2016இல் ஒரு சிறு தொடர் நடத்தியதோடு சரி. கார்த்திகாவை எடைபோட ஏலமேடையே கிடையாது. (ஏலம் என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. அமெரிக்க டிராஃப்டை அடிமைச் சந்தையோடு ஒப்பிட்டு காலின் கேப்பர்னிக் 2021இல் காட்டியபோது பலர் கொதித்தார்கள். நாம் பெயரையே ஏலம் என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.)

எல்லாவற்றையும் எண்ணாக்கிவிட்டால் நீதி வந்துவிடுமா என்று தோழர்கள் கேட்பார்கள். வராது. ஸ்டாப்வாட்சும் நடுநிலையானது இல்லை. செயற்கை ஓடுதளத்தில் ஸ்பைக் போட்டுப் பழகியவனையும் கண்மாய்க் கரையில் வெறுங்காலில் ஓடியவளையும் ஒரே கோட்டில் நிறுத்தி நேரம் எடுத்தால், அந்த நேரத்துக்குள் இருவர் வீட்டுச் சோறும் சேர்ந்தே இருக்கும். நீட்டை எதிர்க்க நாம் சொல்லும் அதே காரணம் இங்கேயும் பொருந்தும். அதனால்தான் எண்ணோடு சேர்த்து ஒதுக்கீடும், அரசுப் பள்ளி மைதானங்களில் நடக்கும் தேர்வும், பஸ் காசும் வேண்டும் என்கிறேன். நம் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் திறனாய்வில் ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் அளவு எடுக்கிறார்கள். அது நல்ல தொடக்கம். கபடி, கால்பந்து, வாலிபால் என்று அணி ஆட்டங்களுக்கு வரும்போதுதான் மறுபடி ‘பார்த்தாலே தெரியும்’ வந்துவிடுகிறது.

அணி ஆட்டத்தையும் எழுதலாம். ஒவ்வொருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் ரைடு, ஒரே அளவு நேரம், எடுத்த புள்ளி, செய்த டேக்கிள். இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். தேர்வாளர்கள் யார் யார், எந்தச் சமூகங்களிலிருந்து வருகிறார்கள் என்ற விவரமும் வெளியே வரட்டும். பிரேடியை எடைபோட்டதுபோல அவர்களும் தவறலாம். தவறு தாளில் இருந்தால் பத்து ஆண்டு கழித்தாவது ஒரு ஆய்வு மாணவர் உட்கார்ந்து அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கூட்டிப் பார்ப்பார்.

உங்கள் மாவட்டத்தில் அடுத்த தேர்வு நடக்கும்போது போங்கள். செல்பேசியில் பதிவு செய்யுங்கள், யாருக்கு எத்தனை ரைடு கிடைத்தது என்று எண்ணுங்கள். முடிந்ததும், அரசு நிதி பெறும் அமைப்பாக இருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் மதிப்பெண் தாளின் நகலைக் கேட்டு ஒரு மனு போடுங்கள். அப்படி ஒரு தாளே இல்லை என்று பதில் வந்தால், கையொப்பத்தோடு அந்தப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.