மாத்திரைக்கு மூன்று கேள்விகள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மூளைக் கட்டி என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கட்டியால் வரும் வலிப்பைப் பற்றியும், அதற்குத் தரும் மாத்திரையைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மாத்திரையோ மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தொடரும். வைத்தியத்தில் பாதி நம் வீட்டில்தான் நடக்கிறது. அந்தப் பாதியில்தான் நாம் கோட்டை விடுகிறோம் என்பது என் கருத்து.

நான் மருத்துவன் அல்ல, பள்ளியில் உயிரியல் நடத்தியவன். அந்த அளவில் சொல்கிறேன்.

மூளை செல்கள் மின் சமிக்ஞையால் பேசிக்கொள்கின்றன என்று வகுப்பில் படித்தீர்கள் அல்லவா? கட்டி வளரும்போது அதைச் சுற்றியுள்ள செல்கள் எரிச்சலடைந்து, ஒரே நேரத்தில் தாறுமாறாக மின்சாரம் பாய்ச்சுகின்றன. அதுதான் வலிப்பு. இதில் ஆச்சரியம் என்னவென்றால், வேகமாக வளரும் கொடிய கட்டிகளைவிட மெதுவாக வளரும் குறைந்த நிலை கிளையோமா கட்டிகளில்தான் வலிப்பு அதிகம். அவற்றில் பாதிப் பேருக்கு மேல் வலிப்பு வருகிறது. பலருக்கு அதுவே முதல் அறிகுறி.

1884 நவம்பர் 25ஆம் தேதி லண்டனில் ரிக்மன் காட்லி என்ற அறுவை மருத்துவர் ஓர் இளைஞரின் மூளையிலிருந்து கட்டியை அகற்றினார். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல்தான். அப்படியானால் கட்டி இருக்கும் இடம் எப்படித் தெரிந்தது? இழுப்பும் பலவீனமும் உடலின் எந்தப் பக்கம், எந்த வரிசையில் வந்தன என்பதை வைத்து ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் இடத்தைக் கணித்தார். திறந்து பார்த்தபோது கட்டி அங்கேயே இருந்தது. கிருமித்தொற்றால் அந்த இளைஞர் சுமார் ஒரு மாதத்தில் இறந்துபோனார் என்பது சோகம். ஆனால் வலிப்பு ஒரு தகவல் என்பதை அன்றே மருத்துவ உலகம் புரிந்துகொண்டது. நாமோ இன்றும் அந்தத் தகவலை மறைக்கிறோம்.

வலிப்பு என்றால் கீழே விழுந்து வெட்டி இழுப்பது மட்டும் அல்ல. என் பழைய மாணவர் ஒருவருக்கு (பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு எழுதச் சொன்னார்) ரப்பர் கருகும் வாடை திடீரென்று வரும். அரை நிமிடத்தில் போய்விடும். வீட்டில் யாருக்கும் அந்த வாடை தெரியாது. ஒரு வருடம் இப்படியே ஓட்டினார். பிறகு ஒருநாள் பேருந்தில் பெரிய வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பொட்டுமடலில் கட்டி. ஒரு கை மட்டும் துடிப்பது, ஒரு நிமிடம் பேச்சு நின்றுபோவது, கூப்பிட்டால் பதில் இல்லாமல் வெறித்துப் பார்ப்பது, இவையும் வலிப்பாக இருக்கலாம். பெரியவர்களுக்கு முதல் முறையாக வலிப்பு வந்தால் அவசியம் மருத்துவரைப் பார்த்து, தலையை ஸ்கேன் செய்ய வேண்டும்.

அதற்காக ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிந்தாலே புற்றுநோய் என்று அலறவும் வேண்டாம். நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டையால் மூளையில் வரும் கட்டியும், காசநோய்க் கட்டியும் உண்டு. இவற்றை மருந்தாலேயே குணப்படுத்த முடியும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்தப் புழுக்கட்டி பற்றி முக்கியமான ஆய்வுகள் செய்திருக்கிறார்கள்.

அந்த மாணவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கையில் மூன்று பக்க டிஸ்சார்ஜ் சம்மரி, முழுக்க ஆங்கிலத்தில். வாயால் சொன்னது, "மாத்திரையைத் தொடருங்கள்" என்று மட்டும். ஆறு மாதம் வலிப்பே இல்லை. "அதான் கட்டியை எடுத்தாச்சே" என்று அவராகவே நிறுத்திவிட்டார். சில நாட்களில் பைக்கில் போகும்போது வலிப்பு வந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வளரவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதுதான் காரணம் என்றார் மருத்துவர்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வலிப்பே வராத கட்டி நோயாளிகளுக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2000இலேயே வழிகாட்டியது. 2021இல் வந்த புதிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று, இந்த மாத்திரை எதற்கு? இரண்டு, எவ்வளவு காலத்துக்கு, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது? மூன்று, நிறுத்துவதை யார், எப்போது முடிவு செய்வார்? பதிலைத் தமிழில் எழுதி வாங்குங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்காமலே விளக்குவதுதான் ஆஸ்பத்திரியின் கடமை.

மாத்திரையின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். இப்போது அதிகம் தரப்படும் லெவெடிரசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் தரும். வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்றால் சண்டைக்குப் போகாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபெனிடோயின் போன்ற பழைய மருந்துகள் சில புற்றுநோய் மருந்துகளின் வேலையைக் குறைக்கும். வால்புரோயேட், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு ஆகாது. தானாக நிறுத்தவும் கூடாது, தானாக மாற்றவும் கூடாது.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 108.

கடைசியாக, கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைக்கும் சொந்தங்களுக்கு: வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்க இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வழி 1999இலேயே நீக்கப்பட்டுவிட்டது. சட்டமே மாறிவிட்டது. நாமும் மாறலாம்.

உங்களில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் தவறு இருந்தால் கீழே திருத்துங்கள். மற்றவர்கள் அந்த மூன்று கேள்விகளை மட்டுமாவது உங்கள் குடும்பக் குழுவில் போட்டு வையுங்கள்.