பழக்குவிக்கும் பொறுமை



நம் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார், தெருவில் வளர்ந்த பெரிய நாய் ஒன்றை இரக்கத்தோடு வீட்டில் சேர்த்துக்கொண்டனர். பத்து நாட்களாகியும் அது கூடத்திலேயே சிறுநீர் கழித்தது. "ஐயா, வளர்ந்த நாய்க்கு இனிப் புத்தி வராது, பழைய தெருவிலேயே விட்டுவிடலாமா?" என்று கேட்டனர். விடலாகாது என்பதே என் கருத்து. பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமே குற்றமென்கிறது. நீதிமான் தன் மிருகத்தின் உயிரையும் பேணுவான் என்று நீதிமொழிகள் 12:10 அதற்கு வெகுகாலம் முன்பே போதிக்கிறது.

அந்த நாய் குற்றம் செய்யவில்லை. வீடு எது, வெளி எது என்று அதற்கு ஒருவரும் காட்டியதில்லை. கழித்து நேரம் சென்றபின் அடித்தாலும், மூக்கைத் தரையில் தேய்த்தாலும், காரணம் அதற்கு விளங்காது. நமக்கு அஞ்சி, கட்டிலுக்கடியில் ஒளிந்து கழிக்க மட்டுமே அது கற்றுக்கொள்ளும்.

செய்யவேண்டியது எளியது. காலையில் எழுந்ததும், உண்டபின்பும், இரவு படுக்குமுன்பும், ஒரே வாசல் வழியாக ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நம் திருத்தணி வெயிலில் நண்பகல் தரை பாதத்தைச் சுடும். ஆகவே நிழலான மண்தரையைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே கழித்த உடனே தட்டிக்கொடுத்துச் சிறிது தீனி கொடுங்கள். கண்காணிக்க இயலாத வேளையில் ஒரே அறையில் வைத்திருங்கள். வீட்டிற்குள் கழித்த இடத்தை வாடை எஞ்சாமல் கழுவுங்கள். வாடை இருந்தால் மீண்டும் அங்கேயே செல்லும். வளர்ந்த நாய் குட்டியைவிட நெடுநேரம் அடக்கிக்கொள்ள வல்லது. அப்படியும் தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அது நோயாகவும் இருக்கலாம்.

இக்கேள்வி என்னையும் குத்திற்று. பல ஆண்டுகள் குடியில் கிடந்த ஒருவர் நடுவயதில் ஆலயத்திற்கு வந்தார். சில வாரங்களில் ஒருமுறை தவறினார். "இவர் திருந்தமாட்டார்" என்று அவர் காதுபடவே சொன்னேன். அவர் அதன்பின் வரவில்லை. நான் மனிதரை நாய்க்கு ஒப்பிடவில்லை. நம்முடைய பொறுமையின் அளவையே பார்க்கச் சொல்லுகிறேன். சேர்த்துக்கொள்ள ஒரு நாள் இரக்கம் போதும். பழக்குவிக்கத் தினந்தோறும் இரக்கம் வேண்டும்.

நம் ஊர் மலைக்கு 365 படிகள் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒரே தாவலில் உச்சியை அடைந்தவர் எவருமில்லை. குழந்தைக்கு நடை பயிற்றும் தகப்பனைப்போலத் தேவன் தம் ஜனத்தை நடத்தியதை ஓசியா 11ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எத்தனை முறை விழுந்தார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆயினும் அவர்களைக் கைவிட அவர் மனம் இடங்கொடுக்கவில்லை.

அந்தக் குடும்பத்தாரிடம் இன்னும் ஒரு மாதம் முயலும்படி வேண்டினேன். அந்தச் சகோதரரின் வீட்டுக்கு நானும் இவ்வாரம் செல்லுகிறேன்.

எங்களைப் பொறுத்துக்கொள்ளுகிற தகப்பனே, எங்கள் வாசலுக்கு நீர் அனுப்புகிறவர்களை அதே பொறுமையோடு ஏற்று நடத்தக் கிருபை தாரும். ஆமென்.