சினிமா லுக்கும் வில்லுப்பாட்டும்

"சினிமா போல இருக்க வேண்டும்" என்பதே இன்று வீடியோ எடுப்பவரிடம் திருமண வீட்டார் வைக்கும் முதல் நிபந்தனை. நெய்யாற்றின்கரையை அடுத்த செங்கலும் பாறசாலையும் இதற்கு விலக்கல்ல. விலை உயர்ந்த கேமராதான் அத்தோற்றத்தைத் தரும் என்ற நம்பிக்கையில் கடன்படும் இளைஞர்கள் உண்டு. அந்நம்பிக்கை பெரும்பாலும் பிழையானது.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாகப் பதிவாகிறது. ஒரு சட்டகத்துக்குரிய நேரத்தில் பாதி, அதாவது 1/48 நொடி மட்டும் ஷட்டர் திறந்திருப்பது வழக்கம். நகரும் கை அதில் சற்றே மங்கிப் பதிகிறது. இந்தியாவில் புழங்கிய 'பால்' முறை ஹேண்டிகேமோ நொடிக்கு 50 அரைப்படங்களை, ஐம்பது தனித்தனிக் கணங்களாகப் பதிந்தது. ஷட்டர் 1/50 என்றால் மங்கலின் அளவு ஏறத்தாழ அதுவே. கணங்கள் மட்டும் இருமடங்கு. அதனால் அசைவு வழுக்கிச் செல்கிறது, கண் அதைத் தொலைக்காட்சி என்று அடையாளம் காண்கிறது. பெரும்பொருட்செலவில் 48 சட்டகங்களில் எடுக்கப்பட்ட 'ஹாபிட்' (2012) திரைப்படத்தையே பலர் தொலைக்காட்சித் தொடர்போல் இருப்பதாகக் குறை கூறினர். விலைக்கும் தோற்றத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

25 முழுச் சட்டகம், 1/50 ஷட்டர்: நம் ஊருக்கு இது போதும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/50 நொடியில் இரண்டு மினுக்கங்கள் முழுமையாக அடங்கிவிடும். 1/60 வைத்தால் ஒளி துடிக்கும். பகல் வெயிலில் தானியங்கி அமைப்பு ஷட்டரை 1/1000 வரைகூட ஏற்றிவிடுவதால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) போர்க்காட்சிக்கு அதையொத்த வெட்டு பொருந்தியது; தாலிகட்டுக்குப் பொருந்தாது. ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் ஒன்று இருந்தால் ஷட்டரை ஏற்ற வேண்டியதில்லை.

எனினும், எல்லாவற்றையும் சினிமாவாக்க வேண்டுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பேச்சுக்கு எழுத்துச் சான்று குறைவு. கொடை விழா வில்லுப்பாட்டும் கல்யாண வீட்டுப் பெரியவர்களின் பேச்சும் பழைய காசெட்டுகளில்தான் அசைகின்றன. சொல்லின் நடுவே வரும் ஒற்றைப் பகரத்துக்கும் இரட்டைப் பகரத்துக்கும் உள்ள வேறுபாட்டில், உதடு மூடியிருக்கும் கால அளவுக்குப் பெரும் பங்குண்டு. 50 கணப் பதிவில் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை அவ்வுதடு தெரியும். 25இல் 40 மில்லிநொடிக்கு ஒருமுறைதான். வீசுகோல் நாணைத் தொடும் கணமும் அப்படியே.

பழைய நாடாவைப் பென்டிரைவுக்கு மாற்றும்போது, "லுக்" கருதி அரைப்படங்களில் ஒரு பாதியைக் கைவிடுவது எளிது, கைவிட்டது திரும்பாது. மணமக்கள் பாடலுக்கு 25 சட்டகம் இருக்கட்டும். வில்லுப்பாட்டையும் பெரியவர்களின் பேச்சையும் 50 கணங்களோடு மாற்றித் தரும்படி வீட்டார் கேட்டு வாங்க வேண்டும். பிரதி சரியாக வந்ததா என்று பார்க்கும் வரை காசெட்டைத் தூக்கி எறியவும் கூடாது.