எந்திரிடா டேய்!

வண்டலூர் உயிரியல் பூங்காவில் புலி படுத்திருந்தால் நம் ஆட்களுக்குப் பொறுக்காது. "எந்திரிடா டேய்!" என்று ஒருவர் கத்துவார். கூட வந்தவர் விசில் அடிப்பார். டிக்கெட் வாங்கியாயிற்றாம், அதனால் அது எழுந்து நடந்து காட்ட வேண்டுமாம். மத்தியான வெயிலில் நிழல் தேடிப் படுத்த பிராணி நமக்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

நெரிசலிலிருந்து தப்பிக்கத்தானே விலங்குகள் வண்டலூருக்குப் போயின? 1855இல் எட்வர்ட் பால்ஃபர் சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, பிறகு சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டை ஒட்டி இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்தது. 1985இல் வண்டலூரில் புதுப் பூங்காவைத் திறந்தார்கள். அறுநூறு ஹெக்டேர் காடு, கம்பிக்குப் பதில் அகழி. நாமோ மூர் மார்க்கெட் இரைச்சலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டோம்.

அதிகக் கூட்டம் வெள்ளைப்புலியிடம்தான். 1951இல் ரீவா மன்னர் பிடித்த மோகன் என்ற குட்டியை வளர்த்து, பிற்பாடு அதன் மகளோடே சேர்த்துப் பெருக்கிய வம்சம் அது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கியதில் மாறுகண்ணும் மற்றக் கோளாறுகளும் கூடவே வந்தன. காட்டுப் புலியைக் காப்பதற்கு இந்த வெள்ளையால் எள்ளளவும் பயனில்லை. வெள்ளைத்தோல் மோகம் நமக்குப் புலியிடம்கூடப் போகவில்லை!

சோலைமந்திக் குரங்கு இருக்கும் பக்கம் போய்ப் பாருங்கள், காற்று வாங்கும். கரிய முகம், சுற்றிலும் வெள்ளிப் பிடரி, சிங்கத்துக்கு இருப்பதுபோல் வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது காட்டில் கிடையாது. அங்கேயும் நாலாயிரத்துக்குள்தான் இருக்கும் என்கிறார்கள். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அதுவும் வருஷக்கணக்கில் இடைவெளி விட்டு. வால்பாறைப் பக்கம் சோலைகளைத் தேயிலைக்காக வெட்டித் துண்டாக்கியபின், மரத்துக்கு மரம் தாவிய குரங்கு தார்ச்சாலையில் இறங்கி வண்டியில் அடிபடுகிறது. இதை இனப்பெருக்கம் செய்து காப்பதுதான் இந்தப் பூங்காவின் உருப்படியான வேலைகளில் ஒன்று. அறிவிப்புப் பலகையில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்? பலகைமேல் கையூன்றிச் செல்ஃபி எடுக்கிறார்கள்.

சிலர் சிப்ஸும் வீசுகிறார்கள். விலங்கைச் சீண்டுவதும் தீனி போடுவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நம் நோய் அவற்றுக்கும் தொற்றும். 2021 ஜூனில் இதே பூங்காவில் நீலா என்ற பெண் சிங்கம் கொரோனாவில் செத்தது ஊருக்கே தெரியும். மனிதன் கையைப் பார்த்து ஏங்கப் பழகிய குரங்கை நாளைக்கு எந்தக் காட்டில் கொண்டுபோய் விடுவது? கீப்பர் ஓடிவந்து தடுத்தால், அவருக்குத்தான் திட்டு விழுகிறது.

"குரங்குதானே சார், எங்க வீட்டு மொட்டைமாடிக்கே தினம் வருது!"