சனிக்கிழமைக்கு மாத்தின தீபாவளி

வெளிநாட்டுல பொட்டி தட்டுற நம்மளைப் பத்தி ஊர்ல ஒரு நிரந்தர நக்கல் உண்டு. "அவனுங்களுக்கு என்னப்பா, பொங்கலே சனிக்கிழமைதான் பொங்கும்" அப்படின்னு. எங்க அம்மாவே ஒருதடவை போன்ல கேட்டாங்க, "ஏன்டா, நரகாசுரனுக்கும் அங்க வீக்கெண்ட்லதான் லீவு குடுக்கறாங்களா?" சிரிச்சு சமாளிச்சாச்சு. ஆனா இதுக்கு ஒழுங்கா ஒரு பதில் சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருக்கு. என்னோட கட்சி இதுதான்: பண்டிகையை வீக்கெண்டுக்கு மாத்துறதுல ஒரு தப்பும் இல்லை. ஆட்டோ அனுப்பறவங்க முழுசாப் படிச்சுட்டு அனுப்புங்க :-)

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. நாங்க இருக்கறது நியூஜெர்சியில. ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூயார்க் நகரப் பள்ளிக்கூடங்களுக்கு தீபாவளி லீவு விட 2023ல சட்டமே போட்டுட்டாங்க. ஆனா அது பள்ளிக்கூடத்துக்கு. நமக்கு காலையில 9 மணிக்கு மீட்டிங், அப்புறம் வழக்கமான ஆணி. அதனால நாங்க நாலு பேர் கூடிப் பேசி, சனிக்கிழமை தீபாவளி, அப்படியே கார்ல ஏறி நயாகரா, ஞாயிறு ராத்திரி வீடுன்னு முடிவு பண்ணோம்.

நாலு பேர்ல மதுரைக்காரன் மட்டும் ஒத்துக்கலை. "நாள் கிழமை பாக்காம என்னடா பண்டிகை? அதுக்குப் பேரு பார்ட்டி"ன்னான். அவன் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. ஹால் வாடகைக்கு எடுத்து, டிக்கெட் போட்டு, மேடையில மூணு மணி நேரம் சினிமாப் பாட்டு டான்ஸ் பாத்துட்டு, ஆறின பிரியாணி சாப்பிட்டுட்டு வர்ற 'கொண்டாட்டம்' எல்லாம் எனக்கும் ஆகாது. ஆனா அங்க கோளாறு கிழமையில இல்லை, கொண்டாடுற விதத்துலதான்.

கோயமுத்தூர்க்காரன் கதை வேற. செப்டம்பர்ல அவனுக்கு வேலை போச்சு. ஹெச்1பி விசாக்காரங்களுக்குத் தெரியும், வேலை போனா 60 நாள்தான் கணக்கு. அதுக்குள்ள வேற கம்பெனி கிடைக்கணும், இல்லாட்டி மூட்டை கட்டணும். அவனுக்கு அப்போ மிச்சம் இருந்தது மூணு வாரம். திங்கட்கிழமை காலையில இண்டர்வியூ வேற. "மச்சான், எனக்கு தீபாவளின்னா அது சனிக்கிழமைதான்டா"ன்னு ஒரு வரிதான் சொன்னான். மதுரைக்காரன் அதுக்கப்புறம் வாயே திறக்கலை.

சனிக்கிழமை விடியறதுக்குள்ள எழுந்து, ஒத்த பாத்ரூமுக்கு நாலு பேர் க்யூ. நல்லெண்ணெய் தேய்ச்சுட்டு அந்த வழுக்குற தொட்டியில நிக்கறது ஒரு சாகசம். எடிசன் ஓக் ட்ரீ ரோட்ல வாங்கின தீபாவளி லேகியம், முறுக்கு, பாதுஷா. வாணம் எல்லாம் நியூஜெர்சியில நம்ம இஷ்டத்துக்கு விட முடியாது. கம்பி மத்தாப்புக்கு மட்டும் 2017ல அனுமதி குடுத்தாங்க. பார்க்கிங் லாட்ல ஆளுக்கு ரெண்டு மத்தாப்பு கொளுத்திட்டு, எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒரு டப்பா ஸ்வீட் குடுத்துட்டுக் கிளம்பினோம்.

சுமார் 400 மைல், ஏழு மணி நேரம். ராத்திரி போய் அருவியைக் கலர் கலர் வெளிச்சத்துல பாத்தோம். ஞாயிறு காலையில நீலக் கலர் மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு 'மெய்ட் ஆஃப் தி மிஸ்ட்' படகுல போனப்போ பாத்ததுதான் முழு அருவி. ஏன் அப்படிச் சொல்றேன்னா, அங்கதான் எனக்கு ஒரு அருமையான பாயிண்ட் கிடைச்சுது.

நயாகரா ஆத்துல இயற்கையா வர்றது செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கன அடித் தண்ணி. அமெரிக்காவும் கனடாவும் 1950ல போட்ட ஒப்பந்தப்படி, ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பகல்ல, அதாவது ஜனங்க பாக்க வர்ற நேரத்துல, குறைஞ்சது 1 லட்சம் கன அடி அருவியில விழணும். ராத்திரியிலயும் குளிர்காலத்துலயும் 50,000 விட்டாப் போதும். மிச்சத் தண்ணி ரெண்டு கரையிலயும் இருக்கற மின்நிலையங்களுக்குப் போயிடும். 1969ல அமெரிக்கப் பக்க அருவியை, பாறையை ஆராய்ச்சி பண்றதுக்காக மாசக்கணக்குல மொத்தமாவே நிறுத்தி வெச்சிருக்காங்க!

நயாகராவே ஷிப்ட் போட்டு வேலை பாக்குதுங்க. அதனால அது அருவி இல்லைன்னு யாராவது சொல்றாங்களா? பாக்க ஜனங்க இருக்கற நேரத்துல தண்ணியைத் திறந்து விடறாங்க, அவ்வளவுதான். நாங்களும் ஜனங்க கூடற நாள்ல பண்டிகையைத் திறந்து விடறோம்.

ஊர்ல மட்டும் எல்லாருக்கும் பஞ்சாங்கப்படியா நடக்குது? தீபாவளி அன்னிக்கு பஸ் ஓட்டுற டிரைவர், ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி பாக்குற நர்ஸ், தீயணைப்பு நிலையத்துல உக்காந்திருக்கறவர், இவங்க எல்லாம் மறுநாளோ முந்தின நாளோதான் வீட்டோட பண்டிகை கொண்டாடுறாங்க. அவங்களை யாரும் நக்கல் அடிக்கறது இல்லை.

இன்னொரு விஷயம். ஞாயிறு சாயங்காலம் திரும்பி வர்ற வழியில, பென்சில்வேனியா மலைப்பக்கம் ஒரு இடத்துல காபிக்கு நிறுத்தினோம். மணி ஆறரை. நாலு பேர் போனும் ஒண்ணு மாத்தி ஒண்ணு அடிக்குது. அக்டோபர்ல இந்திய நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் முன்னாடி. அதாவது ஊர்ல திங்கட்கிழமை விடிகாலை நாலு மணி, சரியா கங்கா ஸ்நான நேரம்! போன்ல வெடிச்சத்தம் கேக்குது, பின்னாடி அப்பா குரல், "எண்ணெய் தேய்ச்சுக்கிட்டியா?". இப்போ சொல்லுங்க, எது சரியான நாள்? கோயமுத்தூர்க்காரன் மட்டும் போனை எடுத்துட்டுத் தனியா நடந்து போய்ப் பேசிட்டு வந்தான். வேலை போன விஷயத்தை அன்னிக்குத்தான் வீட்டுல சொல்லியிருக்கான்.

மதுரைக்காரன் கட்சிக்கும் ஒரு சலுகை. பெரிய கூட்டத்தை சனிக்கிழமைக்கு மாத்துங்க, ஆனா அந்த நாளையும் சும்மா விட்டுடாதீங்க. லாகின் பண்றதுக்கு முன்னாடி தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய், ஒரு விளக்கு, ஊருக்கு ஒரு போன். பத்து நிமிஷம்தான் ஆகும். இங்க பொறந்து வளர்ற பசங்களுக்கு தீபாவளின்னா சனிக்கிழமை பார்ட்டின்னு மட்டும் மனசுல பதிஞ்சா, அந்தத் தப்பு நம்மளோடதுதான்.

மத்தபடி, தேதி எங்கயும் ஓடிப் போகாது, வருஷா வருஷம் வரும். ஆளுங்கதான் அப்படி இல்லை. அந்த இண்டர்வியூ சரியா அமையலை. நவம்பர்ல அவன் கோயமுத்தூருக்கே போயிட்டான். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயித்துக்கிழமை. தேதியும் வீக்கெண்டும் ஒண்ணா அமையற வருஷம், மதுரைக்காரன் சண்டை போட எதுவுமே இல்லை. ஆனா பாத்ரூம் க்யூவுல ஒரு ஆள் குறைவு.