கடிகாரமும் இருதயமும்

ஆரோக்கியமான இருதயம் கடிகாரத்தைப் போல ஒரே சீராகத் துடிக்க வேண்டும் என்றும், அந்தச் சீரில் இம்மியளவு பிசகினாலும் அது வியாதியின் முன்னறிவிப்பே என்றும், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நம் எல்லோர் மனத்திலும் ஓர் அபிப்பிராயம் ஊறிக் கிடக்கிறது. மணிக்கட்டில் கட்டும் கருவிகள் நாடியை எண்ணிக் காட்டத் தொடங்கிய பிறகு இந்தப் பிரமை தணியாமல் வளர்ந்தே வருகிறது. உறக்கத்தில் 55, காலையில் 70, மாடிப்படி ஏறினால் 110 என்று எண் மாறுவதைக் கண்டே கலங்கிப் போனவர்களை நான் அறிவேன். இருபது வயது மகனின் ஈ.சி.ஜி.யில் ‘ஸைனஸ் அரித்மியா’ என்ற இரண்டு சொற்களைப் படித்துவிட்டு, பிள்ளைக்கு இருதயக் கோளாறு என்று அழுத ஒரு தாயாரையும் அறிவேன். அந்த அம்மாள் வீணாக வடித்த கண்ணீருக்கு இந்தப் பொய்யான உவமையே காரணம் என்பதால், அதைக் கண்டிக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

கண்டிப்பதற்கு ஆராய்ச்சிக்கூடம்கூடத் தேவையில்லை. நாடியில் விரலை வைத்துக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்து நிதானமாக விட்டால், மூச்சு உள்ளே செல்கையில் துடிப்பு விரைவதையும், வெளியேறுகையில் அது தாமதிப்பதையும் இளவயதினர் பெரும்பாலும் தம் விரலாலேயே உணரலாம். இதனை 1847-லேயே கார்ல் லுட்விக் என்னும் ஜெர்மானிய உடலியல் அறிஞர், சுழலும் உருளையில் கோடு வரையும் கருவியைக் கொண்டு பதிவு செய்துவிட்டார். அந்தத் தாயார் அஞ்சி நடுங்கிய ஸைனஸ் அரித்மியா, பெரும்பாலும் இந்த இயற்கையான ஏற்ற இறக்கமே.

இருதயத்தின் வலது மேலறையில், ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் 1907-ல் விவரித்த ஒரு சிறு திசு முடிச்சு இருக்கிறது. அதன் போக்கில் விட்டுவிட்டால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிப்பை எழுப்பக்கூடிய அம்முடிச்சு, நாம் சும்மா அமர்ந்திருக்கையில் எழுபதோடு அடங்கியிருப்பதற்குக் காரணம், மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு இடைவிடாமல் கடிவாளத்தைப் பிடித்திருப்பதே. அந்த நரம்பைத் தூண்டிய தவளை இருதயத்தின் திரவத்தை மற்றொரு தவளை இருதயத்துக்கு மாற்றியபோது அதுவும் வேகம் குறைந்ததை, 1921-ல் ஓட்டோ லோவி காட்டினார். நரம்பின் கட்டளை ஒரு ரசாயனப் பொருளாகவே இருதயத்தை அடைகிறது என்பது அதனால் விளங்கியது. மாற்று இருதயம் பொருத்தப்பட்டவர்களிடம், நரம்புகள் அறுபட்ட அவ்விருதயம் ஓய்விலும் 90 முதல் 110 வரை துடிக்கிறது; மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவதும் இல்லை. கடிகாரத்துக்கு மிக அருகில் வருவது, உடலோடு பேச்சு அறுந்துபோன அந்த இருதயம்தான்.

மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரின் துடிப்பை நாள் முழுதும் பதிவு செய்து, இடைவெளிகள் எவ்வளவு மாறுகின்றன என்று கணக்கிட்ட க்ளைகர் குழுவினர் 1987-ல் வெளியிட்ட முடிவு இந்த உவமையின் அடிவேரையே அறுத்துவிட்டது. மாறுதல் மிகக் குறைந்திருந்தவர்களின் மரண அபாயம், மாறுதல் மிகுந்திருந்தவர்களைக் காட்டிலும் 5 மடங்குக்கு மேல் இருந்தது. நீரிழிவு முற்றி நரம்புகளை அரித்துவிட்ட நோயாளியை நிமிஷத்துக்கு 6 மூச்சு வீதம் சுவாசிக்கச் சொன்னால் அவர் நாடி அசைந்து கொடுப்பதில்லை. அந்த அசையாமையே அங்கே வியாதியின் அடையாளம்.

துடிப்பின் எந்த ஒழுங்கீனமும் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. மேலறைகள் கட்டுக்குலைந்து நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இரத்தம் உறைந்து, உறைந்த கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை விளைவிக்கக்கூடும். அதை அலட்சியம் செய்வது ஆபத்து. நாடி தாறுமாறாக ஓடினாலோ, அதனுடன் மயக்கமோ மூச்சுத்திணறலோ கண்டாலோ வைத்தியரிடம் போகத் தாமதிக்கலாகாது. ஆனால் நரம்பின் சொற்படி நடக்கும் மாறுதல் வேறு, எவர் சொல்லும் கேளாத குழப்பம் வேறு.

இந்தப் பிரமை பாமரரோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு வருந்தமாட்டேன். மாரடைப்புக்குப் பின் கீழறையில் இடையிடையே மிகைத்துடிப்பு தோன்றுபவர்கள் திடீர் மரணத்துக்கு அதிகமாக ஆளாகிறார்கள் என்று கண்ட வைத்திய உலகம், மிகைத்துடிப்பை அடக்கி நாடியை நேராக்கிவிட்டால் உயிரைக் காத்துவிடலாம் என்று முடிவு கட்டியது. அடையாளத்தைக் காரணமாக எண்ணிய பிழை அது. மருந்துகளோ மிகைத்துடிப்பை மிக அழகாக அடக்கின. பரிசோதித்துப் பார்க்கும் முன்னரே ஏராளமானோருக்கு அவை கொடுக்கப்பட்டன. கடைசியில் அமெரிக்காவில் காஸ்ட் என்ற பெரும் பரிசோதனை நடந்தது. என்கைனைடு, ஃபிளெக்கைனைடு என்ற இரு மருந்துகளில் ஒன்றோ, அதே போன்ற வெற்று மாத்திரையோ 1,498 பேருக்குக் கொடுக்கப்பட்டது. 1989-ல் அதனை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. சராசரியாகப் பத்து மாதங்களில், வெற்று மாத்திரை உண்டவர்களில் 26 பேரும், மருந்து உண்டவர்களில் 63 பேரும் மாண்டிருந்தனர். அந்த மருந்து மிகைத்துடிப்பை அடக்குகிறது என்று முன்கூட்டியே சோதித்து உறுதி செய்த பிறகே, அந்த 63 பேரில் ஒவ்வொருவரும் பரிசோதனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.